எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

போன ஞாயிற்றுக்கிழமை சம்பூரில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

கேட்டவர் நவரத்தினம் அண்ணை. ஐம்பத்தெட்டு வயது. வயல் செய்கிறவர். தோய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் படம் எடுக்கப் போனைத் தூக்கினேன்.

"தம்பி, எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும்?"

"ஒண்டையும் பிடிக்கத் தேவையில்லை அண்ணை. சும்மா நில்லுங்கோ."

"சும்மா எண்டால்...?"

என்ன பதில் சொல்வது? இந்த ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குப் படம் எடுப்பதில் ஒரு கிறுக்கு உண்டு என்பது இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். தொழிலால் செய்தியாளன். கமராவும் போனும் கூடவே இருக்கும். வீட்டுக் கணினியில் இரண்டு பெட்டகங்கள் வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் 'வேலை'. மற்றதன் பெயர் 'சும்மா'.

'வேலை'க்குள் இருப்பவை பேப்பருக்குப் போகிறவை. திறப்பு விழா, பரிசளிப்பு, பொருள் கையளிப்பு. 'சும்மா'வுக்குள் இருப்பவை ஒருவருக்கும் தேவையில்லாதவை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடைக்காரரின் கோவா இலையை உரிமையோடு தின்னும் மான். கிண்ணியாப் பாலத்தில் தூண்டிலைப் போட்டுவிட்டு நித்திரையாகிப்போன மனிதர். மூதூர் இறங்குதுறையில் விட்டுவிட்டு வந்த குடைக்காகத் திரும்பி ஓடும் ஒரு ரீச்சர். கந்தளாய்க் குளக்கட்டில் ஒரே சைக்கிளில் மூன்று பேர், நாலாவதாக ஒரு பூசணிக்காய்.

துறைமுகப் பக்கம் மட்டும் என் பாச்சா பலிக்காது. காவலில் நிற்கிற கடற்படைக்காரர் "போட்டோ எபா", படம் வேண்டாம் என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுவார். பரவாயில்லை. துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் எடுப்பதற்கு ஆயிரம் இருக்கிறது.

நான் படித்துப் படம் எடுக்கிறவன் அல்ல. பாதிப் படங்களில் என் விரலும் சேர்ந்து விழுந்திருக்கும். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அன்றைய 'சும்மா'வை ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால் எனக்கு நாள் முடிந்ததுபோல் இருக்காது. "இத்தினை மானை வைச்சு என்ன செய்யப் போறியள்? பட்டி கட்டப் போறியளோ?" என்று என் மனைவி கேட்பாள். ஒன்றும் செய்யப்போவதில்லை. அதுதானே அதிலுள்ள சுகம்?

சரி, சம்பூருக்கு வருவோம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன் வந்தது. "அங்கிள், நான் தர்சிகா. சம்பூர் நவரத்தினத்தின்ர மகள்." முன்பள்ளி ஆசிரியை. கலியாணம் பேசி வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை மட்டக்களப்புப் பக்கம், தபால் கந்தோரில் வேலை. பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துவிட்டது. இப்போது மாப்பிள்ளையின் தாய் குடும்பப் படம் ஒன்று கேட்கிறார்.

"ஸ்டூடியோவில போய் எடுக்கலாமே பிள்ளை?"

"அவா ஸ்டூடியோப் படம் வேண்டாமாம் அங்கிள். வீட்டில சும்மா இருக்கேக்க எடுத்த படம் ஒண்டு அனுப்பச் சொல்லுறா. அப்பா அம்மாவை அதில பாக்கோணுமாம்."

"உங்கட போனில எடுங்கோவன்."

"எடுத்துப் பாத்தனான். அது சரிவராது அங்கிள். ஒருக்கா வாங்கோ, வந்தால் உங்களுக்கே விளங்கும்."

பாலையூற்றில் இருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். கிண்ணியா தாண்டி, மூதூர் தாண்டி, போய் இறங்கியபோது ஒன்பது மணி. தர்சிகா அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து மேசையில் கொட்டினாள். வீட்டில் தகப்பனோ தாயோ விழுந்திருக்கிற படங்கள் மொத்தம் ஆறு. பழைய அல்பம்? "கலியாண அல்பம் சண்டை நேரம் ஓடேக்க விட்டதுதான்" என்றார் யோகம் அக்கா, தர்சிகாவின் தாய்.

ஆறு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

ஒன்றில் நவரத்தினம் அண்ணை மண்வெட்டி வாங்குகிறார். ஒன்றில் கோழிக்குஞ்சுப் பெட்டி. ஒன்றில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார், மூடியைப் பிடித்தபடி. ஒன்றில் வீட்டுச் சாவி என்று மட்டையில் செய்த பெரிய திறப்பு, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். ஒன்றில் தையல் மெசின். ஒன்றில் விதைநெல் மூட்டை. எல்லாவற்றிலும் பின்னால் பதாகை, பக்கத்தில் மாலை போட்ட ஒருவர்.

ஆறில் நாலு நான் எடுத்தவை. பேப்பரில் வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்கள். கீழே என் பெயர் இருக்கிறது.

"இதை அனுப்பினால் அவையள் என்ன நினைப்பினம் அங்கிள்? எந்த நேரமும் வாங்கிற சனம் எண்டெல்லோ நினைப்பினம்? அப்பா விடிய நாலு மணிக்கு எழும்பி வயலுக்குப் போறவர். அது ஒரு படத்திலயும் இல்லை."

அவள் குற்றம் சாட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கையளிப்புப் படத்துக்கு ஒரு முறை இருக்கிறது. கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் மறு பக்கம், நடுவில் பொருள். இரண்டு பேரின் கையும் பொருளில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் பொருளைப் பார்க்கக் கூடாது, கமராவைப் பார்க்க வேண்டும். பதாகையில் ஓர் எழுத்தும் வெட்டுப்படக் கூடாது... வெட்டுப்பட்டால் அடுத்த நாள் போன் வரும். "அண்ணை, கொஞ்சம் இங்கால பாருங்கோ. கையை நீட்டுங்கோ. ஆ, அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ." இதை நான் எத்தனை ஊரில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு மனிதரைப் பழக்கிவிட்டு, இப்போது வந்து "சும்மா நில்லுங்கோ" என்றால் அவர் எப்படி நிற்பார்?

முயன்று பார்த்தோம். கையைத் தொங்கவிடச் சொன்னேன். தொங்கவிட்டார் – சோதனைச் சாவடியில் இறங்கி நிற்கிறவரைப்போல. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தார், அடையாள அட்டையில் இருக்கிற அதே முகத்தோடு. மனைவியோடு கதைக்கச் சொன்னேன். "என்னத்தைக் கதைக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பெரிய மனிதர் தன் முற்றத்திலேயே நின்று இப்படித் திண்டாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது யோகம் அக்கா குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். நல்ல தருணம் என்று போனை மெல்லத் தூக்கினேன். அண்ணை கண்டுவிட்டார். உடனே நிமிர்ந்து, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தார். அக்காவும் கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் கோப்பையைப் பிடித்தபடி என் கமராவைப் பார்த்து அசையாமல் நின்றார்கள். முப்பது வருடமாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கும் மனைவி, கணவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கையளிக்கிறார். பின்னால் பதாகை மட்டும்தான் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் விட்டது. வெட்கமாக இருந்தது.

முப்பது படம் எடுத்திருப்பேன். ஒன்றும் தேறவில்லை. தர்சிகா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். "பரவாயில்லை அங்கிள். தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் திங்கட்கிழமைக்குள் அனுப்புவதாக அவள் சொல்லியிருந்தாள். அதை எனக்கு அவள் ஞாபகப்படுத்தவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிட மனம் வரவில்லை. கணினியைத் திறந்து 'சும்மா'வுக்குள் போனேன்.

என் பழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். எந்த விழாவுக்குப் போனாலும், மாலை போட்டவர்கள் வாகனம் ஏறிப் போன பிறகு நான் கொஞ்ச நேரம் நிற்பேன். பதாகையைச் சுருட்டுகிறவர், அடுக்கிய கதிரைகள், மிஞ்சிய வடையைச் சுற்றி நிற்கும் காகங்கள்... வேலை முடிந்த பிறகு எடுக்கிற படங்கள்தான் எனக்குப் பிடித்தவை. அன்று சம்பூரில் விதைநெல் கொடுத்தபோதும் நின்றிருப்பேன் அல்லவா? ஏறக்குறையப் பத்து வருடம் முந்திய நாள். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினேன். மாடு வந்தது. இன்னொரு மாடு வந்தது. அதற்கடுத்தது அந்தப் படம்.

வாய்க்கால் கரை. உழவு மெசின் வரும்வரை காத்திருக்கிறார்கள். நவரத்தினம் அண்ணை நெல் மூட்டையின் மேல் இருக்கிறார், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு. தலையைப் பின்னால் எறிந்து சிரிக்கிறார். யோகம் அக்கா பக்கத்தில் நிற்கிறார். ஒரு கை அவர் தோளில், மறு கை வாயைப் பொத்தியபடி. அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவருக்கும் பின்னால் முழுக்க வானம். கீழிருந்து மேலாக எடுத்த கோணம். இந்தக் கோணத்தைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது. கலை மனம் உள்ளவனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று அந்தக் காலத்தில் மனைவிக்குக் காட்டியதும் நினைவிருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றவில்லை. வேலைப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன்.

உடனே தர்சிகாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அழைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கொஞ்சம் இருங்கோ அங்கிள், அப்பாவுக்குக் காட்டுறன்" என்று போனைச் சத்தமாகப் போட்டாள்.

முதலில் கேட்டது யோகம் அக்காவின் குரல். "ஐயோ, அவையள் தந்த நெல் மூட்டை தெரியுதே. அதை வெட்ட ஏலாதோ தம்பி?"

வெட்டலாம்தான். ஆனால் வெட்டினால் அண்ணை அந்தரத்தில் இருப்பார். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் வந்தது. நிதானமாக, காலையில் தொலைந்துபோயிருந்த குரல்.

"தெரிஞ்சால் தெரியட்டும். இதில அதை நான் பிடிச்சுக்கொண்டோ நிக்கிறன்? அதுக்கு மேல இருக்கிறன்."

தர்சிகா அந்தப் படத்தையே அனுப்பினாள்.

இந்தப் பத்தியை எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அவள் திரும்ப அழைத்தாள். மாப்பிள்ளையின் தாய் படத்தை ஊரெல்லாம் காட்டிவிட்டாராம். வாற வெள்ளி வீட்டுக்கு வருகிறார்களாம். "எல்லாம் சரி அங்கிள், அவா ஒண்டே ஒண்டுதான் கேட்டவா. உங்கட அப்பாவும் அம்மாவும் என்ன பகிடிக்கு இப்பிடிச் சிரிச்சவை எண்டு."

எனக்கும் அது தெரியாதே. "அப்பாட்டக் கேளுங்கோ" என்றேன். போன் கை மாறியது.

"உங்களைப் பாத்துத்தான் தம்பி."

"என்னையோ?"

"பின்ன? அண்டைக்குப் பதாகை முழுக்க விழோணும் எண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போய் வாய்க்காலுக்குள்ள விழுந்தனீங்கள். மறந்திட்டியளோ? இடுப்பு மட்டும் சேறு. வந்தவை எல்லாம் வாகனம் ஏறிப் போட்டினம். உங்களைத் தூக்க ஆளில்லை. நீங்கள் அதுக்குள்ள நிண்டு எங்களைப் படம் எடுக்கிறியள்..."

வாய்க்காலில் விழுந்தது நினைவிருந்தது. மனைவி சேற்றுக் களுசானை இரண்டு நாள் ஊறவைத்ததும் நினைவிருந்தது. அது எந்த ஊர், எந்த நாள் என்பதுதான் மறந்திருந்தது. கீழிருந்து மேலாக எடுத்த அந்தக் கோணம், கலை மனமாம்...

அண்ணை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்கோ தம்பி. வெறுங்கையோட வாங்கோ. நாங்கள் இருக்கிறம், இருந்து கதைப்பம்."

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. அக்கா கையிலும் ஒன்றும் இல்லை. அன்று இடுப்பளவு சேற்றிலும் விடாமல், கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.