ராத்திரி எட்டு மணி, யார் கடிகாரத்தில்?

மரீத்தா நூர்ட்மார்க் நாற்பத்தாறாவது வயதில் மறுபடியும் மாணவி ஆனாள். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம், ஸ்வீடனின் வடக்கே காட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸாக இருந்தாள். ஒரு வசந்த காலத்தில் அந்தப் பிரசவ வார்டை மூடினார்கள். அதன்பின் வலி எடுத்த பெண்கள் காரில் நூற்றிருபது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று கணவன்மாருக்கு வகுப்பு எடுக்கும் வேலை மரீத்தாவுக்கு வந்தது. பனிக்காலம் முழுக்க எடுத்தாள். மரம் வெட்டும் ஒரு பெரிய ஆள் ரப்பர் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் கீழே போட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரி தூரமாகப் போனால் பெண்களுக்கு என்ன ஆகிறது என்று உலகத்தில் யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்கள், அதைப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கடலோர நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உலக சுகாதாரம் முதுகலைக்கு விண்ணப்பித்தாள். ஆஸ்பத்திரி இரண்டு வருடம் விடுப்பு கொடுத்தது. ஜூலை முதல் தேதி திரும்பி வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது.

வகுப்பில் பத்தொன்பது பேர். பாதிக்கு மேல் டாக்டர்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில். மரீத்தாவுக்கு எல்லாம் புரியும், வாய்தான் வராது. பக்கத்தில் உட்காரும் ரெஹேமா தான்சானியாக்காரி, முப்பது வயது, பேச்சுக்குக் குறைவே இல்லை. மூத்தவளைப் பெயர் சொல்லி அழைக்க அவளால் கடைசி வரை முடியவில்லை.

"அக்கா, உங்க வாய் என்ன உறைஞ்சு போச்சா? பதில் தெரிஞ்சுதானே உக்காந்திருக்கீங்க?"

"தெரியும். நீயே சொல்லிடு."

"நான் சொன்னா மார்க் எனக்குத்தான், பாத்துக்குங்க."

இருவரும் ஒரே மாணவர் விடுதி. ஒரே சமையலறை. ரெஹேமா சோளமாவுக் களி கிளறுவாள், மரீத்தா உருளைக்கிழங்கு வேகவைப்பாள், ஒருவர் சாப்பாட்டை ஒருவர் கேலி செய்துகொண்டே சாப்பிட்டு முடிப்பார்கள்.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. வழிகாட்டி ஹோகான் நல்ல மனிதர், எண்ணைத் தவிர எதையும் நம்பாதவர். மரீத்தா முதல் அத்தியாயத்தில் தன் வார்டில் பார்த்ததை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனாள். அவர் மூன்று பக்கத்தையும் பென்சிலால் மெல்ல அடித்தார்.

"இது உன் அனுபவம், மரீத்தா. அது இங்க வேண்டாம். பதிவேடு என்ன சொல்லுதோ அதை மட்டும் எழுது."

பதிவேடு எத்தியோப்பியாவில், மலை மேலே இருக்கிற ஒரு சுகாதார நிலையத்துடையது. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பிரசவங்கள். யாரோ கணினியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். தேதி, பகலா ராத்திரியா, எத்தனை மணி, ரத்தப்போக்கு உண்டா இல்லையா, பிரசவம் பார்த்த நர்ஸ் யார். அங்கே ஆண்டுக் கணக்கு வேறு என்பதால் தேதிகளை நம் ஆண்டுக்கு மாற்றிவிட்டோம் என்று ஒரு குறிப்பும் இருந்தது. அந்தக் குறிப்பைப் படித்ததோடு மரீத்தா திருப்தி ஆகிவிட்டாள்.

ஒரு பனிக்காலம் அந்த எண்களோடு கிடந்தாள். ரத்தப்போக்கோடு வருகிற பெண்கள் பெரும்பாலும் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு நர்ஸ். இன்னொரு நர்ஸை மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை போட்டால் போதும் என்று மரீத்தா முடிவு எழுதினாள். இத்தனை சீக்கிரமா, பிரசவம் என்றால் விடியற்காலைதானே என்று ஒருநாள் குளிக்கும்போது தோன்றியது. அது என் அனுபவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹோகானுக்கு அந்த முடிவு பிடித்துப்போய், சுருக்கத்தை எத்தியோப்பியாவுக்கு அனுப்பிவிட்டார். சுகாதார நிலையத்தின் தலைமை நர்ஸ் திருநெஷ் பதில் போட்டாள். கூடுதலாக ஒரு நர்ஸ் கிடைத்திருக்கிறாள், ஜூலையிலிருந்து நீங்கள் சொன்ன நேரத்திலேயே போடுகிறோம், நன்றி. மரீத்தா அந்தக் கடிதத்தை நாலைந்து தடவை படித்தாள்.

ஆய்வேட்டை எல்லார் முன்னாலும் வைத்துக் கேள்வி கேட்க, சக மாணவர் ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கு எதிராளி என்றே பெயர். கூட்டம் முடியும்வரை எதிராளியும் எழுதியவரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. மரீத்தாவுக்கு எதிராளி ரெஹேமா. ஆய்வேடு கைக்குப் போன மூன்றாம் நாளிலிருந்து ரெஹேமா சமையலறைக்கு வருவதை நிறுத்தினாள். படிக்கட்டில் பார்த்தால், "வேலை இருக்குக்கா" என்று ஓடினாள். என் ஆங்கிலத்தைப் படித்து முகம் சுளித்துவிட்டாள் போல என்று மரீத்தா நினைத்தாள்.

ஜூன் முதல் வாரம் கூட்டம். ஆய்வேடு எழுதியவர் கேக் கொண்டுவருவது வழக்கம். மரீத்தா போன கோடையில் தன் ஊர்ச் சதுப்பில் பறித்து உறையவைத்திருந்த மஞ்சள் காட்டுப்பழத்தில் ஒன்று செய்து எடுத்துப்போனாள். பதினைந்து பேர், இரண்டு பிளாஸ்க் காபி. ரெஹேமா முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

"பதினேழாம் பக்கம். ராத்திரி எட்டு மணின்னு போட்டிருக்கீங்க. யார் கடிகாரத்துலக்கா?"

"யார் கடிகாரமா? அந்த ஆஸ்பத்திரி கடிகாரம்தான்."

"அதைத்தான் கேக்கறேன். எங்க ஊர்ல பொழுது விடிஞ்சு ஒரு மணி நேரம் ஆனாத்தான் ஒரு மணி. இருட்டி ஒரு மணி நேரம் ஆனா ராத்திரி ஒரு மணி. எத்தியோப்பியாவுலயும் இதே கணக்குதான். அப்ப ராத்திரி எட்டுன்னா உங்க கணக்குல எத்தனை?"

மரீத்தா மேஜைக்குக் கீழே விரல் விட்டு எண்ணினாள். ஆறு மணிக்கு இருட்டுகிறது. ஏழு, எட்டு, ஒன்பது. எட்டாவது விரலில் விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து நின்றாள்.

ஹோகான் தொண்டையைக் கனைத்தார். "நான் அங்க மூணு தடவை போயிருக்கேன். எல்லாக் கடிகாரமும் நம்ம நேரம்தான் காட்டுச்சு."

"எங்க தங்கினீங்க?"

"ஓட்டல்ல."

"அது உங்களுக்காக மாட்டின கடிகாரம், சார்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹோகானும் சிரித்தார். மரீத்தா பதிவேட்டைத் திரையில் திறந்து, பிரசவம் பார்த்த நர்ஸின் பெயர் இருக்கும் கட்டங்களைத் தேடினாள். தினமும் பகல் இரண்டு மணிக்கு நர்ஸின் பெயர் மாறியது. மத்தியானம் ஷிப்ட் மாற்றுகிறார்கள், அந்த ஊர் வழக்கம் போல என்று அவள் விட்டுவிட்ட விஷயம். பகல் இரண்டு என்றால் காலை எட்டு. அவளுடைய ஆஸ்பத்திரியிலும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் மாற்றுவார்கள்.

"ரெஹேமா சொல்றது சரி," என்றாள். "மொத்தமும் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கு."

ஹோகான் பென்சிலை உருட்டினார். பிறகு தணிந்த குரலில், "ஒண்ணு பண்ணலாம். கடைசியில குறைபாடுகள்னு ஒரு பகுதி இருக்கில்ல, அதுல இதை ஒரு பத்தி எழுதிடு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா தேர்ச்சி போட்டுடறேன். செஞ்ச முறையில தப்பில்லை" என்றார்.

அவர் கருணையோடுதான் சொன்னார். ஒரு பத்தி, பிறகு பட்டம், ஜூலையில் வேலை. மரீத்தா ஒரு நிமிஷம் அதற்கு ஆசைப்பட்டாள், அதை மறைப்பானேன்.

"அந்தப் பத்தியை அங்க யாரு படிப்பா?" என்று கேட்டாள். "அவங்க நேரத்தைத்தான் படிச்சாங்க. ஜூலையில நர்ஸ் சாயந்திரம் வந்து நடுராத்திரி வீட்டுக்குப் போயிடுவா. ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தப் பொண்ணுங்க வருவாங்க."

"அடுத்த கூட்டம் ஆகஸ்ட் கடைசியில. உனக்கு விடுப்பு கிடையாதே."

"வேலை பாத்துக்கிட்டே எழுதறேன். இதைத் திரும்ப வாங்கிக்கறேன், ஹோகான்."

இரண்டு வருடத்தில் வகுப்பறையில் அவள் அவ்வளவு பேசியது அன்றுதான். கேக்கை எல்லாரும் சாப்பிட்டார்கள், வீணாக்க முடியாதே. ரெஹேமா மட்டும் தட்டைத் தொடவில்லை.

"ஒரு வாரமா தூக்கமில்லைக்கா. விதிங்கறாங்க, சொல்லக் கூடாதுங்கறாங்க."

"சொல்லாம இருந்திருந்தாத்தான் கோவிச்சிருப்பேன். சாப்பிடு. சர்க்கரை கொஞ்சம் கம்மி."

ரெஹேமா ஒரு துண்டை வாயில் போட்டாள். "கம்மியா? சர்க்கரையே இல்லைக்கா, ஒரே புளிப்பு!"

அன்றே மத்தியானம், வராந்தா ஜன்னலோரம் நின்று, மரீத்தா திருநெஷுக்குப் போன் போட்டாள். நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"அதானே பாத்தோம்! எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கற நேரத்துல எதுக்கு இன்னொரு நர்ஸுன்னு பேசிக்கிட்டோம்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"கணக்குப் போட்டவங்க நீங்க. எங்களுக்குத் தெரியாதது ஏதோ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டோம்."

குளியலறையில் தனக்கு வந்த சந்தேகத்தை இதே போலத்தான் மரீத்தாவும் விட்டிருந்தாள். பிறகு, "உங்க கணக்குல ராத்திரி ஆறுலருந்து பன்னண்டு வரைக்கும் போடுங்க" என்றாள். திருநெஷ் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். ரெஹேமா பக்கத்தில் நின்று விரல் விட்டுச் சரிபார்த்தாள்.

ஜூன் மாதம் முழுவதும் இருவரும் சமையலறை மேஜையில் வரி வரியாகப் பதிவேட்டைத் திருத்தினார்கள். புது வரைபடத்தில் மேடு விடியற்காலைக்குப் போயிற்று. மரீத்தா அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். இருபத்திரண்டு வருடம் அவள் கண்விழித்துக் கிடந்த மணிகள் அவை.

ஜூலை முதல் தேதி தன் ஊர் ஆஸ்பத்திரியில், மூடாமல் மிஞ்சியிருந்த பொது வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுமுறை நாட்களில் எழுதினாள். அடித்த மூன்று பக்கங்களில் ஒரு பக்கத்தை, எண்ணைச் சரிபார்க்க உதவிய சாட்சியாக, இரண்டாம் அத்தியாயத்தில் சேர்த்தாள். இந்தத் தடவை ஹோகான் பென்சிலை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் திருநெஷிடமிருந்து செய்தி வந்தது. ரத்தப்போக்கோடு வந்த ஏழு பேரையும் வாசலிலேயே பார்க்க ஆள் இருந்தது, ஏழு பேரும் நலமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் புது நர்ஸ் மிஹ்ரெட் தூக்கம் கெட்டுப்போய்த் தினமும் திட்டுகிறாள். எந்த ஸ்வீடன்காரி இந்த நேரத்தைப் போட்டது என்று கேட்கிறாள்.

மரீத்தா வார்டு நாற்காலியில் உட்கார்ந்து பதில் எழுதினாள்.

"அவ திட்டறது நியாயம்னு சொல்லுங்க. முதல் மூணு மாசம் அப்படித்தான் இருக்கும். பகல்ல ஜன்னலுக்குத் தடிமனா ஒரு போர்வை மாட்டச் சொல்லுங்க."