மற்றவருக்காக மலை சுற்றிய அருணகிரி

அருணகிரி அண்ணனுக்கு உட்காரத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகும் என் அச்சகத்துக்கு வந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே தவிர உட்காரமாட்டார். பேப்பர் கட்டுகளைச் சுற்றிச் சுற்றி வருவார். ஓடுகிற மின்விசிறியை நிறுத்துவார், உடனே போடுவார். பிழை திருத்திக்கொண்டிருக்கும் எனக்குக் கண்மண் தெரியாமல் எரிச்சல் வரும்.

அவருடைய மனைவி தங்கம்மாள் பவுர்ணமி தவறாமல் கிரிவலமாக மலை சுற்றியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன்பிறகு பவுர்ணமி என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவாராம். அண்ணனால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் டீக்கடை மேசையில் கிடந்த தினசரி காலண்டர் தாள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதன் பின்பக்கத்தில், 'ஒருவர் நடக்க, மற்றவர் பலன் பெறுவார்' என்று ஒரு வரி. அதன் கீழே 'புராணம்' என்று ஒரே ஒரு சொல். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"இனிமே ஒனக்காக நான் நடக்கிறேன்" என்று அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டார். சொன்னபடி ஒவ்வொரு பவுர்ணமியும் நடந்தார். அடி அண்ணாமலை கோயில் விபூதியைக் கொண்டுவந்து அண்ணியின் நெற்றியில் பூசுவார். அண்ணியும் அழுகையை விட்டார். அது நல்ல காரியம், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவர் அதை ஒரு சித்தாந்தமாக்கிவிட்டார். தன் காலால் சுற்றினால்தான் பலன் என்று ஊரே நம்பும்போது, இவர் மட்டும் அதெல்லாம் இல்லை என்று கண்ட இடத்தில் வாதாடினார். திங்கட்கிழமை கேட்டால் "வேதத்துலயே இருக்குது" என்பார். வியாழக்கிழமை அதே வரி உபநிடதத்துக்குப் போயிருக்கும். எதிராளி கொஞ்சம் படித்தவன் என்று தெரிந்தால் ஆகமத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முட்டி தேய்ந்தவர்கள், படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் பிள்ளைகள் எல்லாம் அப்படியே செய்யலாமா என்று கேட்டு அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் இதையே சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்று வந்தார். பவுர்ணமிக்குள் கிடைக்க வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'சாஸ்திரம் சொல்கிறது'.

"எந்த நூலு, எந்த அத்தியாயம், யாரு யாருகிட்ட சொன்னதுனு அடியில போடணும்ண்ணே" என்றேன். எங்கள் வீட்டில் நபிமொழி ஒன்றைச் சொன்னால், யார் சொல்லக் கேட்டு யார் சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச விடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு.

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க புராணத்துக்கு நீ இன்னா பாய் கணக்கு கேக்குற?"

அந்தப் பேச்சு எனக்கு வலித்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவர். "டிக்கெட் இல்லாம ஒருத்தன ஏத்துவீங்களா நீங்க? இதுவும் அப்படித்தான். அச்சகம் பேரு எம்பேரு" என்று நானும் கத்திவிட்டேன். விருட்டென்று கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. நூலகத்தில் தேடினார். மடத்தில் கேட்டார். வேங்கிக்காலில் ஒரு புலவர் வீட்டு வாசலில் வெயிலில் காத்திருந்தார். சோறு இறங்கவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கீழ்பென்னாத்தூரில், முன்பு தன் பஸ்ஸில் வந்துபோன ஒரு வாத்தியார் வீட்டில் இந்த மலையின் பழைய தலபுராணம் உரையோடு கிடைத்துவிட்டது. வரியும் அதில் இருந்தது.

அன்று மத்தியானம் அச்சகத்துக்கு வந்தவர் செல்போனில் எடுத்த படத்தை என் முன்னால் நீட்டினார். அந்த வரியை அதில் சொல்பவன் ஒரு வணிகன். கூலியாட்களை மலை சுற்ற அனுப்பிவிட்டு, பலன் எனக்குத்தான் என்று முனிவரிடம் வாதாடுகிறான். முனிவர் அதை மறுத்து, 'கால் எவருடையதோ பலனும் அவருடையதே' என்று முடிக்கிறார். காலண்டர்காரன் வணிகனின் வாதத்தை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டான். அடுத்த பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

கேள்வி கேட்ட என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"விடுங்கண்ணே. வரி நூல்ல இருக்குதுல்ல? அத்தியாயத்த மட்டும் போட்டுறலாம். யாரு போயி பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டனே பாய்" என்றார். சொல்லிவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "மத்தவங்ககிட்ட பொய் சொல்லலாம். அவகிட்ட எப்படிச் சொல்றது? நெத்தியில பூசும்போது கண்ண மூடிக்கினு இருப்பா பாய்."

தனியாகச் சொல்லத் தைரியம் இல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தங்கம்மாள் அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தார். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அண்ணி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே சேரலியா?"

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"தெரியாமயே இருந்திருக்கலாம். எதுக்குத் தேடிக்கினு போனீங்க?" என்று அழுதார். அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு பிடிக்காது. அதன்பிறகு சில நாட்கள் அவர் தன் கணவரிடமும் பேசவில்லை. அண்ணன் வந்து, புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன்னை நம்பியவர்களின் வீடு வீடாகப் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

பவுர்ணமிக்கு முந்தின நாள் அண்ணியே வாய் திறந்தாராம். "கால் யாருதோ பலன் அவங்களுதுனு தானே போட்டுக்குது? எத்தன அடினு போட்டுக்குதா?"

"இல்ல."

"அப்போ என்னக் கூட்டிக்கினு போங்க."

மறுநாள் சாயங்காலம் என் காரில்தான் அடி அண்ணாமலைக்குப் போனோம். கூட்டம் எங்களுக்கு ஒதுங்கிப் போனது. வலது கையால் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணி இறங்கினார். நல்ல காலை ஊன்றி, விழுந்த காலை இழுத்தார். மறுபடி ஊன்றினார். வியர்த்துக் கொட்டியது. ஒரு பூக்கடையிலிருந்து பக்கத்துக் கடை வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. அண்ணன் பயந்துபோய், "போதும் தங்கம், மீதிய நான் நடந்துடறேன்" என்றார்.

அண்ணி மலையைப் பார்த்துக் கும்பிடத் தோளிலிருந்த அந்த ஒரு கையைத் தூக்கினார்.

"நடங்க. அது உங்களுது" என்றார். "இது என்னுது."