நார்த்மீட் வீட்டுக்கு ஒரு பிஸ்டல்

எழுபதுகளின் நடுவில் நான் சிட்னியில், பாரமட்டாவில் இருந்த ஒரு சிறு பத்திரிகை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வேட்டைக்குப் போகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் சங்கம் வைத்துக் குறி பார்த்துச் சுடுகிறவர்களும் வாங்கிப் படிக்கிற மாதப் பத்திரிகை அது. யாழ்ப்பாணத்தில் முட்டைகூட உடைக்காத வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார், அடித்துக் காட்டினேன், திங்கட்கிழமை வரச் சொன்னார். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கலியாணமாகி எட்டு மாதம் மட்டும் கணவரோடு இருந்துவிட்டு வந்திருந்தேன். அவர் நீர்ப்பாசன இலாகாவில் பொறியியலாளர். படிப்பு முடித்தவர்கள் சில ஆண்டுகள் அரசாங்கத்துக்கு வேலை செய்த பிறகுதான் நாட்டை விட்டுப் போகலாம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவருக்கு இன்னும் இரண்டரை ஆண்டு மிச்சம் இருந்தது. அக்கா மூலம் எனக்குக் கிடைத்த விசா அதுவரை காத்திருக்காது. "நீர் முன்னுக்குப் போம். நான் பின்னால வாறன்" என்றார். பக்கத்துத் தெருவுக்குப் போவதைப் போலத்தான் சொன்னார்.

முதல் ஐந்து மாதம் அக்கா குடும்பத்தோடு நார்த்மீட்டில் இருந்தேன். பிறகு அத்தானுக்கு மெல்போர்னில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கணவருடைய விசாப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் நார்த்மீட் முகவரிதான் இருந்தது. முகவரி மாறினால் ஏதோ ஒரு மேசையில் அவருடைய கோப்பு ஒதுங்கிப் போய்விடும், அவர் வருவதும் அதோடு தள்ளிப் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம். அக்காவுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பின்னால் யோசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தபோது குசினி யன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. திருட வந்தவன் அதிகம் எடுக்கவில்லை. தாலிக்கொடியும் காப்பும் என் உடம்பில் இருந்தன. மேசையில் இருந்த, ஒலிநாடா போட்டுக் கேட்கிற கசெற் றேடியோவை மட்டும் கொண்டு போயிருந்தான். அதற்குள் என் கணவர் பேசி அனுப்பிய கசெற் இருந்தது.

அவர் அதைக் கூட்டாளி ஒருவரின் கருவியில் பதிந்திருந்தார். கருவி ஓடத் தொடங்கிவிட்டது என்று தெரியாமல் முதல் இரண்டு நிமிடம் அவர்கள் இருவரும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு சைக்கிள் மணி. எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் கத்துகிற காகம். பிறகு அவர் சிரிப்பார், "ஐயோ, இது ஓடுது" என்பார். நான் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த இரண்டு நிமிடத்தைத்தான். எனக்கென்று அவர் சொன்ன செய்திகள் அதற்குப் பிறகு வரும்.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"உடன வெளிக்கிட்டு இஞ்ச வா" என்றாள்.

"நான் வரேல்லை அக்கா."

"அப்ப அவருக்காவது எழுது."

"எழுதி? அவர் அங்கயிருந்து என்ன செய்யிறது?"

திருட்டைப் பற்றி அவருக்கு எழுதவில்லை. கசெற் கருவிக்குள் சிக்கி அறுந்துவிட்டது, இன்னொன்று பேசி அனுப்புங்கோ என்று மட்டும் எழுதினேன். ஆறு வாரம் கழித்து வந்தது. இந்த முறை அவர் என்ன சொல்வதென்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரித் தெளிவாகப் பேசியிருந்தார். காகம் இல்லை, சைக்கிள் மணி இல்லை. அக்கா வாங்கித் தந்த புதுக் கருவியில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு அழுதேன். அன்பாகத்தான் பேசியிருந்தார். பிழை ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த மாதங்களில் மாலை ஆனதும் வீட்டுக்குப் போகக் கால் தயங்கும். கதவைத் திறந்ததும் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்ப்பேன். அந்தச் சமயத்தில்தான் பத்திரிகைக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கின. வீட்டில் வைத்திருக்க மலிவான பிஸ்டல் எது, நம்பி வாங்கலாமா என்று கேட்டு. ஆசிரியர், ஆயுதங்களைச் சோதித்து எழுதுகிற எங்கள் கட்டுரையாளரிடம் ஐரோப்பாவிலிருந்து வந்த மலிவான பிஸ்டல் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார். அரைத் தானியங்கி வகை. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு ரவை, அதாவது தோட்டா, பாயும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும்.

கட்டுரையாளருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். யுத்த காலத்தில் ராணுவத்தில் துப்பாக்கி திருத்துகிற வேலை பார்த்தவர். கையெழுத்து மோசம். என்னைத் தவிர யாராலும் அதை வாசிக்க முடியாததால் எங்களுக்குள் ஒரு சிநேகம் வந்திருந்தது. அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது என் பேச்சாகவே மாறிப்போய்விட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

"இது நல்லதெண்டால் நானும் ஒண்டு வாங்கலாமோ?" என்று அவரிடம் கேட்டேன்.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்?"

சொன்னேன். யன்னல், கசெற், குடை, எல்லாம்.

"வீட்டைக் காக்க எண்டு சொன்னால் இஞ்ச பிஸ்டல் லைசன்ஸ் தரமாட்டாங்கள். ஒரு சங்கத்தில சேர்ந்து கடதாசியைச் சுடுறதுக்குத்தான் தருவாங்கள்" என்றார். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "சனிக்கிழமை வாரும். எனக்குக் குறிப்பெடுக்க ஆள் வேணும். பார்த்திட்டு முடிவெடும்" என்றார்.

ஹெலன்ஸ்பர்க் பக்கம் காட்டுக்குள் இருந்தது அந்தச் சுடுமிடம். இன்றைக்கு நம்மவர்கள் கூட்டமாகப் போகிற கோயில் அந்த நாளில் அங்கே இல்லை. யூக்கலிப்டஸ் மரங்களும் செம்மண் மேடும், அந்த மேட்டுக்கு முன்னால் வரிசையாகக் கடதாசிக் குறிகளும்தான். காதை மூடும் கவசம் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார். அவர் சுடச் சுட நான் எழுதினேன். பிடிக்குள் செருகுகிற ரவைக்கூடு ஐந்தைச் சுட்டு முடித்தார். மூன்றில் இடையே ஒரு ரவை பாதி வழியில் சிக்கி நின்றது. தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டுக் கொக்கி கடினமாக இருந்தது, கட்டைவிரலால் இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தது. குறி கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. பிடியின் பிளாஸ்டிக் ஓரம் உள்ளங்கையை உராய்ந்தது.

பிறகு என்னிடம் தந்தார். பின்னால் நின்றுகொண்டு, எப்படிப் பிடிப்பது, எங்கே பார்ப்பது என்று சொன்னார். நான் நினைத்ததைவிடப் பாரம். முதல் வெடியில் கண்ணை மூடிவிட்டேன். மூன்றாவது கடதாசியில் பட்டது. மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அந்த யன்னலுக்குப் பிறகு முதன்முறையாக என் நெஞ்சு நிமிர்ந்தது. என் கணவர் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பேன் அந்த நாட்களில். ரயிலில் ஒரு குழந்தை சிரித்தால்கூட.

"வாங்குவன்" என்றேன். "சங்கத்தில சேர்ந்து வாங்குவன்."

"இன்னும் ஒரு சோதினை இருக்கு. அதையும் எழுத வேணும்" என்றார்.

அது அவருடைய வீட்டில், அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. சட்டப்படி எப்படி வைத்திருக்க வேண்டுமோ அப்படியே, பிஸ்டல் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. ரவைகள் வேறொரு பெட்டியில். அவர் முன்னறைச் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய், பின்கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும், அவர் எழுந்து பிஸ்டலோடு ஆயத்தமாகி நிற்க எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்தேன். குசினிக்குள் நடந்தேன். அவருடைய மனைவி அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தா. எனக்கும் ஒரு கோப்பை தந்தா. உள்ளே அவர் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதும் பிறகு அலுமாரியின் திறப்பைத் தேடுவதும் கேட்டது. நான் தேநீரைப் பாதி குடித்த பிறகுதான் அவர் வந்து வாசலில் நின்றார். வெறுங்கையோடு. ரவை மறுபடியும் சிக்கிவிட்டதாம்.

மூவரும் சிரித்தோம். பிறகு அவர் மேசையில் பிஸ்டலைத் துடைக்கப் போய்விட, மனைவி என்னைப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா.

"பிள்ளை, உமக்கு ஒரு விஷயம் சொல்ல வேணும்" என்றா. "கலியாணம் கட்டின புதிசில இந்த மனிசன் பிஸ்டல் ஒண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில ரவையோட வைச்சிருந்தது. நான் தங்கச்சி வீட்டை போயிருந்தனான். ஒரு நாள் முந்தித் திரும்பி வந்தன். ஆசையில வந்தனான், சொல்லாமல். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தன். இவர் எனக்கு நேர பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"பிறகு?"

"ஒண்டும் இல்லை. வெடிக்கேல்லை. ஆனால் அவர் ஒரு கிழமையாச் சாப்பிடேல்லை. அதுக்குப் பிறகுதான் இந்த இரும்பு அலுமாரி."

நான் கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. யாருக்கும் சொன்னதில்லை. அரசாங்க ஒப்பந்தத்தை எப்படியோ ரத்துச் செய்து, எனக்கு ஒரு வரியும் எழுதாமல், என் கணவர் ஒரு பின்னேரம் நார்த்மீட் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார் என்று நான் தினமும் நினைப்பேன். பஸ்ஸில் நினைப்பேன், சோறு வடிக்கும்போது நினைப்பேன். அவர் பெட்டியை எங்கே வைப்பார், நான் என்ன உடுப்பில் நிற்பேன் என்பதுவரை தீர்மானித்திருந்தேன். கதவில் ஒரு சத்தம் கேட்டால் எனக்கு முதலில் வருவது பயம் அல்ல, அந்த நினைப்புத்தான். பயம் அதற்கு ஒரு கணம் பிந்தித்தான் வரும். இனி அந்தச் சத்தத்தைக் கையில் பிஸ்டலோடு கேட்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்று அன்று போகும்போது கட்டுரையாளரிடம் சொன்னேன்.

ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் துளைபோடும் கருவியோடு வந்து, எல்லா யன்னல்களுக்கும் கொக்கி போட்டு, பின்கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிவிட்டுப் போனார். கட்டுரையை நான்தான் அடித்தேன். குறிப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, சிக்கல் எடுக்கத் தெரிந்தால், கொடுத்த காசுக்கு மோசமில்லை என்று எழுதியிருந்தார். வீட்டுக் காவலுக்கு என்றால் நல்ல பூட்டு வாங்குங்கள், மிஞ்சும் காசில் வெளிவிளக்கு ஒன்று போடுங்கள் என்று முடித்திருந்தார். வாசகர்கள் சிலர் கோபப்பட்டு எழுதினார்கள். அந்தக் கடிதங்களையும் நான்தான் பிரித்தேன்.

என் பயம் உடனே போய்விடவில்லை. குடை இன்னும் சில மாதம் என்னோடு அறை அறையாக வந்தது. பிறகு ஒரு நாள் அதை எடுக்க மறந்திருந்தேன்.

கணவர் சொல்லாமல் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்து, நாலு கடிதமும் ஒரு தந்தியும் அனுப்பிவிட்டு, சொன்ன திகதியில் வந்தார். மெலிந்திருந்தார். விமான நிலையத்தில் இருவருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, யன்னல் கொக்கிகளைப் பார்த்து ஏன் இத்தனை என்று கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்டல் பிடித்ததையும் சொன்னேன்.

எழுந்து போய் ஒரு கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "பயந்து போனீரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

அவருக்கு முதலில் கிடைத்த வேலை மேற்கே, மலைகளுக்கு அப்பால் ஒரு அணைக்கட்டில். வெள்ளிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியற்காலை முதல் ரயிலில் போவார். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. பாரமட்டா ஸ்டேஷனில் ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகு வீட்டுக்குத் திரும்ப மனம் வராது. நேரே அலுவலகத்துக்கு நடப்பேன். கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன்.