மகளின் அல்பமும் என் மேடைப்பேச்சும்

மைக்கைக் கண்டால் எனக்கு வாயை மூடத் தெரியாது. இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வியாதி என் மகளின் மேடையிலேயே வந்து தொலைத்தது.

மகள் அனுஷா ஒரு பாண்ட் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறாள். அவர்களுடைய புதிய அல்பம் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியானது. 'ஜாங்கிளி இன்டி பொப்' வகையாம்... இரண்டு கிற்றார்கள் கிலுகிலுவென்று சேர்ந்து ஓடும், மேலே ஒரு மெல்லிய குரல்.

பாட்டுகளை விழாவுக்கு ஏழு நாளைக்கு முன்பே என் போனில் ஏற்றித் தந்துவிட்டாள்.

"அப்பா, ஊரில உள்ள எல்லாத்துக்கும் கருத்துச் சொல்லுறியள். இதையும் கேட்டுப்போட்டு, என்ர வாசிப்பு எப்பிடியெண்டு உண்மையாச் சொல்லுங்கோ. வேற ஆர் சொன்னாலும் நான் நம்பமாட்டன்."

பாருங்கள், எவ்வளவு பெரிய பொறுப்பை எப்பேர்ப்பட்ட ஆளிடம் ஒப்படைத்திருக்கிறாள்!

கேட்டேன். நெடுந்தீவுக் கந்தோருக்குப் படகில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், கிழமை முழுக்கக் கேட்டேன்.

மண்டபத்தில் "அனுஷாவின்ர அப்பா, இரண்டு வார்த்தை பேசுங்கோ" என்று கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தையோடு இறங்குகிற ஆளா நான்?

"இந்த அல்பத்தில் என்னைக் கவர்ந்தது என் மகளின் அடக்கம்" என்று ஆரம்பித்தேன். "மற்றக் கிற்றார்க்காரர் ஓயாமல் வாசிக்கிறார். இவளோ ஒதுங்கி நின்று வழிவிடுகிறாள். வாசிக்காமல் இருப்பதும் ஒரு கலை!"

பலத்த கைதட்டல். என் பேச்சில் நானே உருகிப்போனேன். பிறகுதான் மகளைப் பார்த்தேன். முகம் கறுத்துப்போயிருந்தது.

விழா முடிந்து எங்கள் ஊரான வேலணைக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் வெடித்தாள்.

"எல்லாப் பாட்டிலயும் தொடக்கத்தில இருந்து முடியுமட்டும் நான் வாசிக்கிறன் அப்பா! இரண்டு கிற்றாரையும் இரண்டு பக்கமாப் பிரிச்சு விட்டிருக்கு. அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். நீங்கள் என்னத்தைக் கேட்டனீங்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வலது காதில் இயர்போன் மாட்டுவதே இல்லை!

ஏன் என்று தீவுக்காரரைக் கேளுங்கள். நெடுந்தீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிறவன் இரண்டு காதையும் மூடலாமோ? படகுக்காரர் கூப்பிடுவது கேட்காவிட்டால் அன்றைக்கு வேலைக்குப் போனமாதிரித்தான்! ஏறி இருந்த பிறகும் அந்தக் காதை நான் மூடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் கதையை ஒட்டுக்கேட்காமல், வாராவாரம் இந்தப் பத்தியை எதை வைத்து நிரப்புவது?

விஷயத்தைச் சொன்னேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"படகுக்கு ஒரு காது, பாட்டுக்கு ஒரு காது. அதுதானே பாத்தன், நான் சொல்லுறது ஒண்டும் இந்த மனுசனுக்கு விழுறேல்லை!"

மகள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

அறைக்குள் போய், இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு முதலில் இருந்து கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன்... தகரக் கூரையில் தூறல் விழுகிறமாதிரி வலப்பக்கத்தில் அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். கிழமை முழுக்க இதை விட்டுவிட்டா ஊர்க்கதை கேட்டேன்? வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து, "நல்லாயிருக்கு பிள்ளை" என்றேன்.

"எது நல்லாயிருக்கு?"

விடுவாளா? என் மகளல்லவா!

"மூண்டாவது பாட்டு. கடைசியில எல்லாரும் நிப்பாட்டின பிறகும், நீ மட்டும் தனியக் கொஞ்சத்தூரம் வாசிச்சுக்கொண்டு போறாய். என்ன துணிவு!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, அது பிழை. நான் முடிவை மறந்துபோனன். வெட்டச் சொன்னனான், பதிவு செய்தவங்கள் அப்பிடியே விட்டிட்டாங்கள்."

போச்சுது! அசடு வழிய நின்றேன்.

"பிழையோ என்னவோ, எனக்கு அதுதான் பிடிச்சது" என்று முனகினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவு பேர் கேட்டவை, ஒருத்தரும் அதைக் கவனிக்கேல்லை. அப்ப இந்தமுறை உண்மையாத்தான் கேட்டிருக்கிறியள்."

பாராட்டியே பிழை கண்டுபிடித்த விமர்சகன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!