ரோசலினுக்கு நான் கலக்கிய பால்

என் மனைவி ரோசலின் இருபத்திரண்டு வருடமாகக் கெலுகோரில் பள்ளி வேன் ஓட்டியவள். மழையோ நெரிசலோ, ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாக இறக்கியதில்லை. அப்படிப்பட்டவள் போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள்; கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு தேய்ந்திருக்கிறது, நிறைய பால் குடிக்க வேண்டும், ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்போம், தேறினால் வேன் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

இவளுக்கா பால்?

"கவுச்சி அடிக்குதுங்க" என்று மூக்கைப் பிடிப்பாள். தயிர் என்றால் சளியாம். சீஸ் சோப்புக் கட்டியாம். ஐம்பத்தொன்பது வயதில் இத்தனை அடம்! எனக்கு வந்த எரிச்சலில், "தேத்தண்ணியிலயாவது குடி லா" என்று நானே அடுப்படியில் இறங்கினேன். ஒரு நாளைக்கு நான்கு கிளாஸ். ஒரு கரண்டி ஊற்றும் கெட்டியான டின் பாலை மூன்று கரண்டியாக்கினேன்.

"திகட்டுதுங்க."

"மருந்துன்னு நெனச்சு முழுங்கு."

முழுங்கினாள். வேனை அவள் தம்பி நாதன் ஓட்டினான். தினமும் காலையில் ஜன்னலருகே நின்று, அவன் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டுத் திட்டுவாள். "ஸ்கேன் முடியட்டும், வேன நான் எடுத்துக்கறேன்" என்பாள்.

போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. எலும்பு இன்னும் மோசம். போதாததற்குச் சர்க்கரையும். இனி வேன் ஓட்டவே வேண்டாம் என்று சொல்லி, டாக்டர் எங்களைச் சத்துணவு ஆலோசகர் சலேஹாவிடம் அனுப்பினார்.

"என்ன பால் குடிக்கிறீங்க?" என்று மலாயில் கேட்டார் சலேஹா.

"டின் பால். கிளாஸுக்கு மூணு கரண்டி, நாளைக்கு நாலு கிளாஸ்" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு காலி டின்னை எடுத்து, அதன் பொடி எழுத்தைக் காட்டினார். கிரீமர். சர்க்கரை, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால் மாவு. எலும்புக்கு வேண்டிய கால்சியமும் புரதமும் இதில் பேருக்குத்தான். நிஜப் பால் இரண்டு கிளாஸும் ஒரு கிண்ணம் தயிரும் எடுத்திருந்தால் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் கிடைத்திருக்கும் என்றார்.

முப்பது வருடம் கப்பல் நிறுவனத்தில் சரக்குத் தாள்களை வரி விடாமல் படித்துக் கணக்கெழுதிய கிராணி நான். வீட்டு டின்னை ஒரு நாளும் படிக்கவில்லை. அட மடையா!

"இவ்வளவு இனிப்பா யார் கலக்கிக் குடுத்தது?" என்று கேட்டார் சலேஹா.

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசலின், "நான்தான் கலக்குவேன். இவர் வேணாம்னுதான் சொன்னார்" என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்குப் பொய் சொன்னே?"

"வேன்தான் போயிருச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நீங்க வேற திட்டு வாங்கணுமா?" என்றபடி கைப்பையிலிருந்து, தான் வைத்திருந்த வேனின் மாற்றுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "நாதன்கிட்ட குடுத்துருங்க. கிளட்ச்ச மெதுவா விடச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.