பத்தர் வீட்டுத் தரையில் மூன்று காயில்கள்

மேசைமேல் வைத்துப் பார்த்தபோது ஊமையாக இருந்த பெரிய காயில், சிதம்பரத்தில் பத்தர் வீட்டுத் தரையில் இறக்கியதும் வாய் ஓயாமல் பாடியது. மேசையில் அருமையாகப் பாடிய சின்னக் காயில் அங்கே நேரத்துக்கு ஒரு பேச்சு பேசியது. நான் இத்தனை வருஷம் காயில் சுற்றியவள். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் சொன்ன இடத்தில் சிமெண்டுத் தரையை வேறு உடைத்துவிட்டார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். நடுவில் உங்களுக்குத் தலை சுற்றினால், எனக்கும் அன்றைக்குச் சுற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. மேசை சொன்னது

கடலூர் செம்மண்டலத்தில் ரஷீது பாயின் பட்டறையில் எனக்கு வேலை. திருவிழாக்களில் ஆட்கள் நுழைகிற சோதனை கேட், போலீஸ்காரர்கள் கையில் வைத்துத் தடவுகிற மெட்டல் டிடெக்டர் இவற்றையெல்லாம் ரிப்பேர் செய்து கொடுப்போம். மிஷினின் அடியில் தட்டு மாதிரி இருக்கிறதே, அதற்குள் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதுதான் காயில். மிஷினுக்குக் கண் அதுதான். அதைச் சுற்றுவது என் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே சுற்றி, உட்கார்ந்த இடத்திலேயே டெஸ்ட் செய்து அனுப்பிவிடுவேன். மிஷினைக் கையில் பிடித்து நடந்து தேடியதே கிடையாது.

பாய் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் தங்கம் தேடுகிற கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஒரு மிஷினும் மூன்று காயில்களும் கொண்டுவந்திருந்தார். பதினைந்து இன்ச், பதினொரு இன்ச், ஆறு இன்ச். திரையில் நம்பர் காட்டுகிற புது மிஷின் இல்லை. சத்தம் மட்டும்தான்.

சுந்தரம் பத்தர் தேடிவந்தது அந்த மிஷினைத்தான். சிதம்பரத்தில் நகை வேலை செய்கிறவர். எங்கள் பக்கத்தில் நகை ஆசாரியைப் பத்தர் என்றுதான் சொல்வோம். வடலூரிலிருந்து ஒரு டீச்சரம்மா தாலியைச் சரட்டிலிருந்து செயினுக்கு மாற்றிக் கோக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். கோக்கும்போது இரண்டு தாலிக் குண்டில் ஒன்று கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பத்தர் கடைக் குப்பையை யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள், சலித்துக் கழுவித்தான் விடுவார்கள். அப்படிச் சலித்தும் கிடைக்கவில்லை.

"வேற குண்டு செஞ்சு தரேன்னேன். 'என் புருஷன் கட்டுன தாலியில இருந்ததுதான் வேணும்'னுட்டாங்க. அது நியாயந்தான். ஆனா நான் உருக்கித் தின்னுட்டேன்னு தெரு பூரா பேச்சாயிடுச்சு பாய். வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணணுமாம்."

"எடுக்கலன்னா தைரியமா பண்ணிட்டுப் போங்களேன் பத்தரே" என்றார் பாய்.

"எடுக்கல. இருந்தாலும் கற்பூரத்து மேல கை வெச்சா புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு வீட்ல அழுவுறாங்க. சத்தியம் பண்ணாலும் திருடன்னுதான் சொல்லுவாங்க. பண்ணலன்னாலும் அதான். எவன் என்னை நம்பித் தங்கம் குடுப்பான், சொல்லுங்க."

ஜோடியில் மீதியிருந்த குண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதுதான் எங்களுக்குச் சாம்பிள். மரப்பலகைக்கு அடியில் அதை வைத்துவிட்டு மூன்று காயிலையும் மேலே ஆட்டிப் பார்த்தேன். பதினைந்து இன்ச் மூச்சே விடவில்லை. பதினொன்று லேசாக முனகியது. ஆறு இன்ச் கொசு மாதிரி, ஆனால் ஒவ்வொரு தடவையும் தவறாமல் சத்தம் கொடுத்தது.

காரணம் எளிது. பெரிய காயில் ஆழம் பார்க்கும், ஆனால் பொடிசைப் பார்க்காது. பெரிய கண்ணி வலையில் சென்னாக்குன்னி மாதிரிப் பொடி இறால் நிற்குமா? சின்னதுக்குச் சின்னக் காயில். ஆழம் வேண்டுமென்றால் பெரிசு. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

"சின்னதே போதும் பாய்" என்றேன்.

"மூணையும் எடுத்துக்கம்மா. தரைக்கடியில எவ்ளோ கீழ போயிருக்கோ, யாரு கண்டா?" என்றார் பாய். வியாழக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினோம்.

2. தரை சொன்னது

பட்டறை என்பது பத்தர் வீட்டின் முன்னறைதான். சிவப்புச் சிமெண்டுத் தரை, நிறைய வெடிப்பு. ஒரு மூலையில் மரக்கட்டையும் அதில் பதித்த இரும்புப் பட்டடையும். அங்கே வைத்துத்தான் தங்கத்தை அடிப்பார்.

பாய் முதலில் பதினைந்து இன்ச்சை மாட்டி அறை முழுவதும் ஒரு சுற்று ஆட்டினார். பட்டடைப் பக்கம் போனால் மட்டும் இரும்புக்குக் கத்தியது. மற்ற இடத்தில் அமைதி. அவருக்கு முட்டிவலி. "நீ பாரு வசந்தா" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

நான் வாங்கி ஆட்டியதுதான் தாமதம், பாட ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் பக்கம் நின்றாலும் பாட்டு, கதவுப் பக்கம் நின்றாலும் பாட்டு. மேசையில் இந்தக் குண்டைக் கண்டுகொள்ளாத காயில் இங்கே எதைப் பார்த்துக் கத்துகிறது? ஆழத்தில் பெரிசாக ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். காயிலைத் தரையிலிருந்து உயர்த்திப் பார்த்தேன், சத்தம் குறைந்தது. தரைக்குள்தான் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பதினொன்றை மாட்டினேன், அதுவும் விட்டுவிட்டுக் கத்தியது. ஆறு இன்ச் சில நேரம் கத்தியது, சில நேரம் சும்மா இருந்தது. ஜன்னலோரம் ஓரிடத்தில் மூன்றும் ஒத்துப்போன மாதிரி தோன்றியது.

"இங்க உடைங்க" என்றேன்.

பத்தர் உளியை வைத்து உடைத்தார். செம்மண் வந்தது, செங்கல் தூள் வந்தது, வேறொன்றும் வரவில்லை. கதவுப் பக்கம் இன்னொரு இடம் காட்டினேன். அங்கே ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்தது. பத்தரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவரே மிஷினை வாங்கி ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. அவர் மனைவி காமாட்சி, "குடுங்க, நான் பாக்குறேன்" என்று வாங்கினாள். பாட்டு! திரும்ப நான் வாங்கினேன். பாட்டு! பாயைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். மௌனம்.

தரையை உடைக்கிற சத்தத்துக்கு அக்கம்பக்கம் கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மா ஒருத்தர் வாசற்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "என்னா பாக்குறீங்க? தங்கம்னா மகாலட்சுமி. சுமங்கலி கையிலதான் பேசுவா. ஆம்பளைங்க தள்ளுங்க அப்பால."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாருங்கள், மறுத்துச் சொல்ல என்னிடம் வேறு காரணமும் இல்லை. கம்பி சுற்றுகிறவள், இத்தனை சுற்றுக்கு இத்தனை வரும் என்று அளந்து பழகியவள், ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். குழம்பிய குட்டையில் எதுதான் தெரியும்?

3. இந்திராக்கா

அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். பத்தரின் அக்கா இந்திரா. புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவர். எங்களுக்கு டீ கொடுத்ததும், உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளியதும் அவர்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. முடிந்துகொள்வதற்காக, "கொஞ்சம் பிடிங்கக்கா" என்று மிஷினை அவரிடம் கொடுத்தேன். ஆசையாக இருந்திருக்கும் போல. ஜன்னலோரம், நான் உடைக்கச் சொன்ன அதே இடத்தில், காயிலை இறக்கி ஒரு தடவை ஆட்டினார். மௌனம்.

"பாத்தீங்களா?" என்றார் எதிர்வீட்டு அம்மா. "அவ தொட்டதும் லட்சுமி போயிட்டா. உனக்கு எதுக்குடி இந்திரா இந்த வேலை? தாலிக் குண்டு தேடுற எடத்துல!"

இந்திராக்காவின் முகம் சுண்டிப்போனது. மிஷினை என்னிடம் நீட்டினார். நான் வாங்கியதும் அது பாடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மாமேல் கோபம், மிஷின்மேல் கோபம், புரியாத என்மேலேயே கோபம். ஒயர்தான் லூசாக இருக்கிறதோ என்று பார்க்கக் குனிந்தேன்.

குனிந்தபோது எங்கள் இருவர் காலும் பக்கம் பக்கமாகத் தெரிந்தன. அவர் விரலில் ஒன்றும் இல்லை. மெட்டி இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. என் விரலில் மெட்டி இருந்தது. வெள்ளி மெட்டி, இரண்டு காலிலும்.

காயிலை என் கால்கிட்டே கொண்டுபோனேன். வீடே அதிர்கிற மாதிரி கத்தியது.

காமாட்சியின் கால்கிட்டே கொண்டுபோனேன். அதே கத்தல். சின்ன அறையில் காலை ஒட்டி ஒட்டி ஆட்டிக்கொண்டு, என் மெட்டியைத்தான் நான் காலையிலிருந்து தேடியிருக்கிறேன். மெட்டி குண்டைப் போலப் பொடிசு இல்லையே, பெரிய காயில் அதைத் தூரத்திலிருந்தே பார்க்கும், அதனால் ஓயாத பாட்டு. சின்னது கால் பக்கத்தில் வந்தால்தான் பார்க்கும், அதனால்தான் நேரத்துக்கு ஒரு பேச்சு. காயிலைத் தூக்கியபோது என் காலைவிட்டும் அல்லவா விலகியது! பட்டறையில் என் கால் மேசைக்கு அடியில் இருந்ததால் இத்தனை வருஷம் தெரியவில்லை. பாய் ஆப்பிரிக்காவில் பார்த்தவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள். மெட்டி அவருக்கும் தோன்றவில்லை.

"யா அல்லாஹ்" என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். மெட்டியைக் கழற்றினால் தீர்ந்தது. குனிந்தேன். கை போகவில்லை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கும் வண்டியில் போயிருந்தார். காமாட்சியும் தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். பத்தர் உடைத்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய்க்கு முட்டி மடங்காது.

"குடு வசந்தா" என்றார் இந்திராக்கா. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது. "எனக்குக் கழட்டுறதுக்கு ஒன்னுமில்ல."

ஆறு இன்ச் காயிலை மாட்டிக் கொடுத்துவிட்டு வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தே சொன்னேன்: "தரையை ஒட்டி மட்டமா ஓட்டுங்கக்கா. மெதுவா. விட்ட எடத்த லேசா தொட்டுக்கினே அடுத்தது போங்க."

அவர் கோலம் போடுகிறவர் மாதிரி ஒரு கோடும் விடாமல் வந்தார். பட்டடை மூலையில் பெரிய காயிலும் நடுக்காயிலும் இரும்பைப் பார்த்துக் குழம்பியிருந்தன. சின்னது கட்டைக்கும் சுவருக்கும் நடுவில், இரும்பில் படாமல், ஒருக்களித்து நுழைந்தது. கொசுச் சத்தம். திரும்ப ஓட்டச் சொன்னேன். அதே இடத்தில் அதே கொசு.

பத்தர் கட்டையைச் சாய்த்தார். அடிமரத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் ஊசியை விட்டு நெம்பினார். அரக்கும் தூசியும் ஒட்டிக்கொண்டு குண்டு வெளியே வந்து தரையில் உருண்டது. பத்தர் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

குண்டு இந்திராக்காவின் காலடியில் கிடந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார். "காமாட்சி, நீ எடு."

"கண்டுபுடிச்சவ நீ. நீயே எடு அக்கா" என்றார் பத்தர். எதிர்வீட்டு அம்மா வாயைத் திறந்தார். பத்தர் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

போன் போட்டதும் டீச்சரம்மா வடலூரிலிருந்து வந்துவிட்டார். இந்திராக்கா கையை நீட்டினார். உள்ளங்கையில் குண்டு. டீச்சரம்மா அவர் நெற்றியைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார். கை பாதி வந்து நின்றது. பிறகு அவர் கையை முழுசாக நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாளைக்குக் கற்பூரம் வேணாம் பத்தரே. நான் பேசுனது தப்பு" என்றார்.

"இல்லம்மா, ஏத்துவோம்" என்றார் பத்தர். "சத்தியத்துக்கு இல்ல. எங்க அக்கா ஏத்தட்டும்."

4. நான் கற்றது

இனிப் பாடம். பொடித் தங்கத்துக்குச் சின்னக் காயில். பக்கத்தில் இரும்பு இருந்தால் அதைவிடச் சின்னது கிடைக்குமா என்று பாருங்கள். மேசையும் தரையும் வேறு வேறு பேசினால் தரையை உடைக்காதீர்கள், முதலில் உங்கள் காலைப் பாருங்கள். கழற்ற மனசு இருந்தால் கழற்றுங்கள். இல்லையென்றால் என்னைப் போலத் தள்ளி நின்று சொல்லிக்கொடுங்கள். அன்றைக்கு என் கை ஏன் மெட்டிக்குப் போகவில்லை என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

பாய் பிழைக்கத் தெரிந்தவர். அடுத்த வாரமே இந்திராக்காவைத் தேடுகிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். மாசி மகத்தன்று கடலில் குளிக்க வருகிறவர்கள் கடலூர் சில்வர் பீச் மணலில் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் போகிறார்கள். மூக்குத்தி, தோட்டுத் திருகு, ஜாஸ்தியாகத் தாலியில் கோத்ததுதான். அலறியடித்துக்கொண்டு கடைக்குப் போன் வரும். காயில் சுற்றிக்கொண்டே நான்தான் எடுப்பேன். மிஷின் எது, காயில் எது என்று யாரும் கேட்பதில்லை.

"அந்த அம்மாவ சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்பார்கள். "அவுங்க கை பட்டாத்தான் தாலி கெடைக்குமாம்."