கல்யாணக் கவுனில் மஞ்சள் கை

கெர்ட்ரூட்டுக்கு மஞ்சள் என்றாலே எரிச்சல். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் துண்டாடலில் கூறுகூறாக விற்றுப் போனபின் ஈப்போவுக்கு வந்து, டோபிக்கடையில் சாப்பாட்டுக் கடைகளின் மேசைத்துணி வெளுத்தவள். குழம்பு சிந்திய இடத்தில் சவுக்காரம் பட்டால் போதும், மஞ்சள் ரத்தமாய்ச் சிவந்துவிடும். வெயிலில் காயப்போட்டால் கறை மங்கும். ஆனால் மத்தியானமே மழை வந்துவிடும்.

அவள் மகள் கத்தரினும் மருந்துக்கடையில் வேலைசெய்த ஜெயபாலனும் 1979இல் கல்யாணத்துக்குத் தயாரானார்கள். பையன் இந்து. காலையில் மாதா கோயில், சாயங்காலம் மாரியம்மன் கோயில் என்று முடிவாயிற்று.

அன்று காலை ஜெயபாலனின் தாய் வீரம்மா, சாயங்கால நலங்குக்கு மஞ்சள் அரைத்த கையோடு பெண்ணைப் பார்க்க வந்தாள். வெள்ளைக் கவுனில் நின்ற மருமகளைக் கண்டதும், "என் ராசாத்தி!" என்று கட்டிப்பிடித்தாள். முதுகில் ஐந்து விரலும் பதிந்தன. பதறிப்போய் ஈரச் சவுக்காரத்தை எடுத்துத் தேய்த்தாள். கவுனில் விரல் தடங்கள் சிவந்தன.

"தொடாதீங்க சம்பந்தி!" என்று கெர்ட்ரூட் கத்தினாள்.

"மங்கலம்தானே..."

"மங்கலமா? பின்னால பாத்தா குத்துப்பட்ட மாதிரி இருக்குலா!"

கெர்ட்ரூட் கறைமேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மறுபடி மஞ்சளானது. அதற்குள் சேதி கேட்டு, மாப்பிள்ளைக் கோட்டோடு ஸ்பிரிட் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஜெயபாலனே ஓடிவந்தான்.

"அத்தை, மஞ்சளுக்கு நிறம் குடுக்கிறது குர்குமின். அது தண்ணியில கரையாது, ஸ்பிரிட்ல கரையும். புண்ணு வீக்கத்துக்குக்கூட..."

"மாப்ள, பேரு தெரிஞ்சி நான் என்ன செய்ய? குடுத்துட்டுக் கெளம்புங்க!"

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முக்கால்வாசி பஞ்சோடு வந்துவிட்டது. மீதிக்காக மகளை வாசலில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தாள்.

"அம்மா, வேர்க்குது."

"வேர்க்கட்டும். அசையாத."

வீரம்மா கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஓரமாக அழுதாள். கெர்ட்ரூட் திரும்பியும் பார்க்கவில்லை. கோயிலுக்குத் தாமதமாகத்தான் போனார்கள். பாதிரியார் முகம் சுளித்தார். முதுகில் நிழல் மாதிரி ஏதோ இருந்தது, யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் கத்தரின் அரக்குப் புடவையில் மணையில் உட்கார்ந்தாள். வீரம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்து தயங்கி நின்றாள்.

"என்னா பாக்குறீங்க? பூசுங்க," என்றாள் கெர்ட்ரூட், அலுத்துப்போய். "கவுன அலமாரியில வச்சிப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

வீரம்மா சிரித்துக்கொண்டே முதலில் சம்பந்தியின் கன்னத்தில்தான் பூசினாள். கெர்ட்ரூட் முறைத்தாள். ஆனால் துடைக்கவில்லை.